புதுப்பிப்பு: மரபணுத் தரவை இறக்கும் கருவிக்கான ஆவணம்

எஸ்ஆர்ஏ (SRA) என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து மரபணு வரிசைத் தரவை இறக்க ஏஐ முகவர்களுக்காக, அதாவது தாமாகவே கட்டளைகளை இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்காக, ஓர் ஆவணம் எழுதியிருந்தேன். அதைப் படித்த முகவர், சில கோப்புகள் வராமலேயே ‘முடிந்தது’ என்று அறிவிப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது, குறை என் ஆவணத்தில்தான்.

கோப்புகளை இறக்கும் ப்ரீஃபெட்ச் (prefetch) கட்டளைக்கு இயல்பாகவே 20 ஜிபி உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய கோப்பை இறக்காமல் ஒரு செய்தியை மட்டும் காட்டும். மனிதர் அதைப் பார்த்ததும் நின்று யோசிப்பார். முகவரோ அடுத்த படிக்குப் போய்விட்டது. வரம்பைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

பழைய வரி: ‘கோப்பை இறக்கவும்.’ புதியது: ‘முதலில் அளவைப் பார். 20 ஜிபிக்கு மேல் என்றால் உச்சவரம்பைக் குறிக்கும் மேக்ஸ்-சைஸ் (--max-size) மதிப்பை உயர்த்து. இறங்கியபின் கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று விடிபி-வேலிடேட் (vdb-validate) கட்டளை கொண்டு சரிபார். பிழை வந்தால் நிறுத்திவிட்டுக் கேள்.’ கடைசி வாக்கியம்தான் எனக்கு மிக முக்கியம். எது வெற்றி என்று சொல்லாத கட்டளை, முகவருக்குப் பாதிக் கட்டளைதான்.

வட்டு இடத்தையும் சேர்த்துவிட்டேன். இறக்கிய கோப்பை ஆய்வுக்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் ஃபாஸ்டர்க்யூ-டம்ப் (fasterq-dump) கட்டளை, சுருக்கப்படாத கோப்புகளையே எழுதுகிறது, தற்காலிக இடமும் கேட்கிறது. ஆக, மூலக் கோப்பைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். எடுத்துக்காட்டுக்காக நான் கற்பனையாக இட்டிருந்த தரவுக் கோப்பு அடையாள எண்களை நீக்கிவிட்டேன். முகவர் அவற்றையும் அப்படியே இயக்கிப் பார்த்தது!

அனுமதி பெற்றே அணுக வேண்டிய மனிதத் தரவுக்கான பகுதி இன்னும் பாக்கி. அங்கே முகவர் தானாக எதையும் இறக்கக் கூடாது என்பதை முதல் வரியிலேயே வைக்கப்போகிறேன்.