வாசல் தரைக்கு ஸ்டாம்ப்டு கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

அனைவருக்கும் வணக்கம். கார் நிறுத்தும் இடத்துக்கும், அங்கிருந்து வாசற்படி வரை செல்லும் நடைபாதைக்கும் புதிதாகத் தரை போட வேண்டியுள்ளதால், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடுகிறேன்.

ஈரமாக இருக்கும்போதே அச்சு பதித்து, கல் பதித்தது போலவே தோன்றச் செய்யும் ஸ்டாம்ப்டு கான்கிரீட்டின் அழகு என்னை மிகவும் கவர்ந்திருக்கிறது. ஆனால் எங்களுடையது மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். பழைய சிமெண்ட் தரையின் மூலையில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசலுக்குள் இப்போது ஒரு நாணயத்தின் விளிம்பே நுழைகிறது. அச்சும் நிறமும் ஏற்றிய தரை அப்படி விரிசல் விட்டால், ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் சரிசெய்ய முடியுமா? சீலர் எனும் பாதுகாப்புப் பூச்சு பூசிய பரப்பு ஈரத்தில் வழுக்கக்கூடும் என்பதும், கைத்தடியுடன் நடக்கும் என் தாயாரை நினைக்கையில் கவலை தருகிறது.

பேவர் பிளாக் என்றால், அடியில் குழாய் பழுதானாலும் கற்களைப் பெயர்த்தெடுத்து மீண்டும் அடுக்கிவிடலாம். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ., நடைபாதைக்கு 60 மி.மீ. தடிமன் உள்ள கற்களை எண்ணியிருக்கிறேன். என் ஐயமெல்லாம் அடித்தளத்தைப் பற்றியதே: களிமண்ணின் மேல் ஜல்லியை எவ்வளவு கனத்துக்குப் பரப்பி இறுக்கினால், சக்கரத் தடத்தில் கற்கள் அமிழாமல் நிற்கும்? இடுக்குகளில் முளைக்கும் புல்லை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்? இத்தகைய மண்ணில் இரண்டில் ஒன்றைப் போட்டுச் சில மழைக்காலங்களைக் கண்டவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.