வெள்ளவத்தையில் நான் சந்தித்த மூன்று பேர்

கொழும்பு வெள்ளவத்தை என்றால் காலி வீதியின் புடவைக் கடைகளும் தொடர்மாடிகளும்தான் வெளியூர்க்காரருக்கு நினைவு வரும். எனக்கு இந்த ஊரைப் புரியவைத்தவர்கள் இங்கேயே மூத்துப்போன சிலர்.

முதலாமவர் கால்வாய் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஐயா. சவோய் தியேட்டர்ப் பக்கத்துப் பாலத்தை நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். அவரோ அந்தத் தண்ணீரின் போக்கை மனப்பாடமாக வைத்திருந்தார். அலை மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை அடைத்துவிடுமாம். மழை பெருத்தால் மெஷின் கொண்டுவந்து வெட்டிவிட வேண்டும், பிந்தினால் கிருலப்பனைப் பக்கத்துப் பள்ளங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்றார். கொழும்பின் உட்புறம் முழுக்கத் தாழ்ந்த நிலமும் சதுப்பும்தான். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் அந்தச் சதுப்புகளால்தான். மழைத் தண்ணீர் கடலுக்குப் போகிற வாசல்களில் ஒன்று நம் வெள்ளவத்தை. இதை எங்கள் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இரண்டாமவர் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்த அன்ரி. கரையோர ரயில் பாதை 1877இல் மொரட்டுவை வரை போனது. தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுவதால், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அது ஒரு வேலி மாதிரி. மரைன் டிரைவ் என்ற கடற்கரை வீதி வருமுன் காலி வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கைகள் தண்டவாளத்தடியில் முடிந்துவிடும். வாகனச் சத்தமே இருக்காது, பிள்ளைகள் ஒழுங்கையிலேயே கிரிக்கெட் விளையாடுவார்கள் என்றார். மே தொடங்கித் தென்மேற்குக் காற்று வீசும்போது அலை கருங்கல்லில் மோதித் தண்டவாளத்தில் தெறிக்கும். ஜன்னல் கம்பியெல்லாம் உப்பில் துருப்பிடிக்கும்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. வாக்காளர் பட்டியலோடு கும்பல் வந்தது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்தது, அப்புறம் அகதி முகாம், கப்பலில் காங்கேசன்துறை. சில வருடம் கழித்து அதே ஒழுங்கைக்குத் திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "என்ர வீடு இங்கதானே, தம்பி" என்றார். வடக்கில் போர் மூண்ட பிறகு ஏராளமானோர் இங்கே வந்து குடியேறினார்கள். சின்ன யாழ்ப்பாணம் என்ற பெயர் நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் ராமகிருஷ்ண மிஷனும், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அந்தப் போருக்கு முந்தியவை.

மூன்றாமவரின் தாத்தா வெள்ளவத்தை நூற்பு நெசவு மில்லில் தறியில் நின்ற மலையாளி. இன்று ஹெவ்லொக் வீதியில் ஹெவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கிற அதே நிலம்தான் அந்த மில். 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதுவரை தொழிலாளர் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் போய், மலையாளிகளுக்கு எதிராகவும் பிரசாரம் செய்தார். பலர் கேரளத்துக்குத் திரும்பிப் போனார்கள். இவருடைய தாத்தா போகவில்லை. பேரன் தமிழும் சிங்களமும் பேசுகிறார், மலையாளம் தெரியாது. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது. அந்தக் கோபுரங்களைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டில் யாராவது அந்த மில்லில் வேலை செய்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சம்பளச் சீட்டு, பழைய படம், லைன் வீட்டின் நினைவு, எதுவானாலும் சரி. நேரில் பார்த்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.