குறைமாதக் குழந்தைக்கான வளர்ச்சி மதிப்பீடு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 32 வாரத்திலேயே பிறந்த எங்கள் மகளுக்கு இப்போது 11 மாதம் ஆகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு 2 வயது வரை திருத்திய வயதை (எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் வயது) கொண்டே வளர்ச்சியைக் கணக்கிடுவது வழக்கம் என்பதால், அவளை 9 மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும் என்று சொன்ன மருத்துவர், பேய்லி அளவுகோல் என்னும் குழந்தை வளர்ச்சிச் சோதனையைக் கொண்டு மதிப்பிடப் பரிந்துரைத்திருக்கிறார். அறிதிறன், மொழி, உடலியக்கம் மூன்றையும் விளையாட்டுப்போக்கில் நேரடியாகச் சோதிப்பார்கள். மற்றவர்களோடு பழகும் விதத்தையும் அன்றாடச் செயல்களையும் பெற்றோரிடம் கேட்டறிவார்கள்.

அவள் பிடிமானமின்றி உட்காருகிறாள். கையில் கொடுத்த மரக்கட்டையை மறு கைக்கு மாற்றுகிறாள். ஆனால் இரண்டாவது கட்டையை நீட்டியதும் முதலாவதைக் கீழே விட்டுவிடுகிறாள். சிறு பொருள்களை விரல்கள் அனைத்தாலும் வாரித்தான் எடுக்கிறாள். இந்த வயதுக்கு இது தாமதமா என்பதை மதிப்பீட்டாளரே சொல்லட்டும். என்னை உறுத்துவது வேறொன்று: வேற்றுமுகம் வந்து, புதியவரைக் கண்டாலே அழும் இந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னிலையில் அவளுடைய உண்மையான திறன் எவ்வளவு வெளிப்படும்?

இந்த மதிப்பீட்டைச் செய்துகொண்ட பெற்றோரும், இத்துறையில் பணிபுரிவோரும் வழிகாட்ட வேண்டுகிறேன். குழந்தை ஒத்துழைக்காதபோது சோதனையை இடையில் நிறுத்தி வேறொரு நாளில் தொடர அனுமதித்தார்களா? வீட்டில் எடுத்த காணொளிகளைப் பொருட்படுத்தினார்களா? சராசரியை 100 ஆகக் கொண்ட மதிப்பெண்ணோடு, நுண்ணியக்கத்தையும் (கை, விரல் அசைவுகள்) பேரியக்கத்தையும் (உட்காருதல், நடத்தல் போன்றவை) தனித்தனியே விளக்கும் அறிக்கையைக் கேட்டுப் பெற முடியுமா? மறுமதிப்பீட்டுக்கு எத்தனை மாத இடைவெளி விட்டார்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.