மைக் வைத்து அளந்தும் வசனம் தெளியவில்லை, உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கூடத்தில் 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்). ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து, அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் அளவீட்டை மூன்று தடவை செய்துவிட்டேன். மின்விசிறி, ஏர்கான் எல்லாம் நிறுத்தித்தான் செய்தேன். முதல் தடவை மைக்கை சோபா முதுகில் வைத்தது தப்பு. மெத்தையில் பட்டுத் திரும்பும் ஒலியும் அளவில் சேர்ந்துவிடும். இப்போது மூன்றுகால் ஸ்டாண்டில், காது உயரத்தில், ஆறு இடங்களில் எடுத்தேன்.

ஆனாலும் வசனம் அமுங்கியே கேட்கிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வசந்தம் டிவி சேனலில் நாடகம் ஓடும்போது, "என்னப்பா சொன்னா?" என்று என் முகத்தைப் பார்க்கிறார். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் 'பெரியது' (பேஸ் முழுவதையும் அவையே தரும்) என்று எடுத்துக்கொண்டது. நானே 'சிறியது' ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகும்படி பிரித்ததும் பேஸ் சீரானது. சப்வூஃபர் 3 மீட்டரில் இருக்க, ரிசீவர் அதன் தூரத்தை 4.6 என்று காட்டுகிறது. அதன் உள்ளே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான், அதனால் தொடவில்லை.

வசனம் பெரும்பாலும் வரும் நடு ஸ்பீக்கர் டிவி மேசையின் உள்தட்டில் இருக்கிறது. அதை விளிம்புவரை இழுத்து, காதை நோக்கிச் சாய்த்து, மறுபடி அளக்கவா? இல்லை, அதன் அளவை மட்டும் 2 டெசிபல் கூட்டினால் போதுமா? கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.