புதுப்பிப்பு: முகவாதத்துக்குப் பிறகு மறுபடி புல்லாங்குழல்

பெல்ஸ் பால்சி (முக நரம்பு திடீரென்று செயலிழக்கும் முகவாதம்) வந்து வலப்பக்க முகம் தொங்கிவிட்டது, இனிமேல் குழல் ஊத முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊதுகிறேன், ஆனால் இன்னும் முழுசாக இல்லை.

72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியது நல்லதாகப் போயிற்று. கண்ணும் இப்போது தானாக மூடுகிறது, ராத்திரி டேப் ஒட்டுவதில்லை.

உதடுதான் மெதுவாக வருகிறது. குழலுக்கு உதட்டு நடுவில் சின்ன இடைவெளி போதும், ஆனால் இரண்டு ஓரமும் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வலது ஓரம் பிடிக்காமல் காற்று கசிந்து, ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் புஸ்ஸென்ற சத்தம்தான் வந்தது. இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (கர்நாடக இசையின் ஆரம்பப் பாடம்) மத்திய ஸ்தாயியில், அதாவது நடு ஸ்வரங்களில், சுத்தமாக வருகிறது. முதல் தடவை அப்படி வந்த அன்றைக்கு அழுதேவிட்டேன். மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') தாண்டினால் உதடு சோர்ந்துவிடுகிறது.

புதுசாக ஒன்று: உதட்டைக் குவித்தால் வலது கண் சுருங்குகிறது. நரம்பு திரும்ப வளரும்போது கிளை மாறிப் போவதால் இப்படி ஆகுமாம். அதனால் பிசியோதெரபிஸ்ட், முக்கி ஊதவே கூடாது, கண்ணாடி முன்னால் மெதுவாக, சின்னச் சின்ன அசைவுகள் மட்டும் என்கிறார். கன்னத்தில் கரண்ட் வைக்கச் சொன்னவர்களுக்கு: அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

குழலோ நாகஸ்வரமோ சாக்ஸபோனோ, இதே வழியாக வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கண் சுருங்குவது எப்போது குறைந்தது? தார ஸ்தாயிக்கு (அந்த மேல் ஸ்வரங்களுக்கு) எப்படித் திரும்பினீர்கள்?