மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, ஆபரேஷன்தான் வழியா?

நீடாமங்கலத்தான்:
வணக்கம். வயது 34, ஏழு வருடமாக ரைஸ் மில்லில் வேலை. இரண்டு வருடமாக மூக்கடைப்பு. பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது, ராத்திரி படுத்தால்தான் வினை. வலது பக்கம் படுத்தால் வலது மூக்கு அடைக்கும், புரண்டு படுத்தால் அது திறந்துகொண்டு இடது அடைக்கும், கடைசியில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டு விடியற்காலையில் நாக்கு வறண்டு எழுந்திருக்கிறேன். குறட்டை தாங்காமல் வீட்டுக்காரம்மா பிள்ளைகளோடு கூடத்துக்குப் போய்விட்டாள். தை, மாசியில் சம்பா நெல் வந்து இறங்கும்போது கேட்கவே வேண்டாம், தும்மலும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு டாக்டர் டார்ச் அடித்து இரண்டு நிமிஷம் பார்த்தார், சி.டி. எடுக்கச் சொன்னார், "தண்டு இடது பக்கம் வளைந்திருக்கிறது, சதையும் வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார். தண்டு என்றால் இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவராம், சதை என்றால் உள்ளே பக்கவாட்டில் இருக்கிற மெத்தென்ற சதையாம். இன்னொருவர் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார், நான்கு நாள் அடித்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறார். இப்போதைக்கு மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தில்தான் எட்டு மாதமாகத் தூக்கம் ஓடுகிறது. என் கேள்வி இதுதான்: வளைவு இருக்கிறது, சரி. அடைப்புக்குக் காரணம் அந்த வளைவுதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கும்பகோணம் வெற்றிலை:
தம்பி, அவசரப்படாதீர்கள். நான் 2019இல் தண்டை நேராக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். மூன்று மாதம் சொர்க்கம், அப்புறம் பழைய கதை. பிறகு வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் எனக்குத் தூசி அலர்ஜி இருப்பதே தெரிந்தது, அதுவரை யாரும் "தும்மல் வருமா, கண் அரிக்குமா, எந்த மாதத்தில் அதிகம்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபரேஷன் தப்பு என்று சொல்லவில்லை. தண்டு நேராகத்தான் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற சதைதான் வீங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

காது மூக்கு தொண்டை:
டெல்டாவில்தான் இ.என்.டி. டாக்டராக இருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நீங்கள் எழுதியதில் முதலில் கண்ணில் பட்டது ஸ்கேன் இல்லை, போகிற போக்கில் சொன்ன அந்தச் சொட்டு மருந்து. எட்டு மாதம்! அதில் இருப்பது பெரும்பாலும் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின். ரத்தக் குழாயைச் சுருக்கிச் சதையை வற்ற வைக்கும், அதனால்தான் ஊற்றிய சில நிமிஷத்தில் மூக்கு திறக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும், அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இந்த நிலையில் எடுத்த ஸ்கேனில் சதை வளர்ந்ததாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

இரண்டாவது, பக்கம் மாறி மாறி அடைக்கிறது என்கிறீர்கள். எலும்பு புரண்டு படுக்காது. எல்லோருக்குமே சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை வீங்கி மறுபக்கம் வற்றும், படுத்தால் கீழ்ப்பக்கம் இன்னும் வீங்கும். சாதாரண மூக்கில் இது நமக்குத் தெரியவே தெரியாது. வளைவு மட்டுமே காரணம் என்றால் எப்போதும் ஒரே பக்கம்தான் அதிகம் அடைக்கும். தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவு, வளைந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் ஏராளம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், மூக்குக்குள் எதையும் நுழைக்கும் முன்பு சும்மா மூச்சு இழுக்கச் சொல்லி வெளியிலிருந்து பார்ப்பேன், சிலருக்கு இழுக்கும்போதே மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தண்டை மட்டும் நேராக்கினால் பாதி வேலைதான் முடியும். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து மூச்சு விடச் சொல்வதும் இதற்குத்தான். ஆனால் கன்னத்தை இழுத்தால் யாருக்கும் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கும், அதனால் மெல்லிய கம்பியால் உள்ளிருந்து அந்த இடத்தை மட்டும் லேசாகத் தாங்கிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. மூக்குக்குக் கீழே குளிர்ந்த ஸ்டீல் தகட்டைப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஆவி படியும், எந்தப் பக்கம் சின்னதாகப் படிகிறதோ அங்கே காற்று குறைவு. அப்புறம் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது. அதை இரண்டு முறை பார்க்க வேண்டும்: சும்மா ஒரு முறை, சதையை வற்ற வைக்கிற மருந்து அடித்துப் பத்து நிமிஷம் கழித்து ஒரு முறை. மருந்துக்குத் திறந்துகொண்டால் குற்றவாளி சதை, அதற்கு முதலில் மருந்துதான். மருந்து அடித்தும் அதே இடத்தில் அடைத்தால் எலும்பு, குருத்தெலும்பு பற்றிப் பேசலாம். இரண்டும் கலந்தும் இருக்கும், உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.

காற்றோட்டத்தை அளக்கிற மெஷினும் உண்டு. ஆனால் மெஷின் சொல்வதும் நோயாளி சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. மூச்சு போகிறது என்ற உணர்வு, காற்று உள்ளே குளிர்ச்சியாகப் படுவதால் வருவது. தைலம் தடவினால் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், அளந்து பார்த்தால் காற்று கூடியிருக்காது. ஆகவே நோயாளியைக் கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2004இல் வந்த நோஸ் என்ற கேள்வித்தாளில் ஐந்தே கேள்விகள்: மூக்கு கனத்து மந்தமாக இருப்பது, அடைப்பு, மூக்கால் மூச்சு விடச் சிரமம், தூக்கம் கெடுவது, வேலையோ உடற்பயிற்சியோ செய்யும்போது மூக்கு வழியாகக் காற்று போதாமை. போன ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போட்டுக் கூட்டி 5ஆல் பெருக்குங்கள், நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 55ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமை. நோய் என்ன என்று இது சொல்லாது, மருந்துக்கு முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தால் பலன் உண்டா என்று தெரியும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நான்கு நாளில் விட்டது தப்பு, முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், நுனி தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணைப் பார்த்து இருக்கட்டும். நேராகத் தண்டில் அடித்தால்தான் ரத்தம் கசியும். குறட்டைக்குத் தனியாகத் தூக்கப் பரிசோதனை கேளுங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிற கோளாறு இருந்தால் மூக்கு ஆபரேஷன் மட்டும் அதைத் தீர்க்காது.

மன்னார்குடி மாலதி:
டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று. எங்கள் சித்தப்பாவுக்கு ஒரே பக்கம் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். சளி என்றே ஒரு வருடம் ஓட்டினோம். தினமும் மாட்டைக் குளத்தில் குளிப்பாட்டி அவரும் அதிலேயே முங்குகிறவர். உள்ளே பார்த்தால் சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு சதை. ரைனோஸ்போரிடியோசிஸ் என்றார்கள், குளத்துத் தண்ணீரிலிருந்து தொற்றுகிற ஒரு கிருமி நோயாம். எடுத்துவிட்டு அடியைச் சுட்டார்கள், அப்படியும் ஒருமுறை திரும்ப வந்தது. ஒரே பக்கம் அடைத்து ரத்தமும் வந்தால் சொட்டு, ஆவி என்று நாளைக் கடத்தாதீர்கள்.

காது மூக்கு தொண்டை:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. குளத்துக் குளியல் உள்ள நம் பக்கத்தில் இதை மறக்கவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் வந்தால் கட்டி இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீடாமங்கலத்தான்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அன்றைக்கே கணக்குப் போட்டேன், 75. இந்த முறை பார்த்த டாக்டர் தகடு வைத்துப் பார்த்தார், இடது பக்கம் பாதி அளவுதான் படிந்தது. சொட்டை ஒரேயடியாக விடாமல் முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார், பத்து நாள் கழித்து இடதிலும். அந்த முதல் வாரம் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், சொட்டு பாட்டிலை மனைவி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். கூடவே ஸ்ப்ரே, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்பு போட்டுக் கழுவுவது. இன்றைக்குக் கணக்கு 45. வலது பக்கம் சுத்தமாகத் திறந்துவிட்டது. இடது பக்கம் இன்னும் மந்தம்தான், மருந்து அடித்துப் பார்த்தும் அங்கே தண்டு சதையில் இடிக்கிறதாம். இன்னும் இரண்டு மாதம் இதே மருந்து, அப்போதும் அப்படியே இருந்தால் இடதுக்காக ஆபரேஷன் பேசலாம் என்றார். தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் தேதி. மில்லில் மாஸ்க் போடச் சொல்லியிருக்கிறார், போட்டுக்கொண்டு போனால் மூட்டை தூக்குகிற அண்ணன்கள் கொரோனா திரும்ப வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.