பேனல் மீட்டருக்குள் ஈரம் போனால்: கழுவாமல் காயவைக்காதீங்க

(மீன்பிடி போட்டுக்காரங்க பேச்சு இது. பேசுறவங்களுக்கு அவங்க ஊர்ப்பேர்.)

குளச்சல்:
போட்டு எஞ்சின் பேனலில் மீட்டர் கண்ணாடிக்குள் நீர் கோத்துக் கிடந்தா உடனே ஹேர் டிரையரைத் தூக்காதீங்க. உள்ளே போனது உப்புத்தண்ணி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா சாதா உப்பே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு, அது இன்னும் சீக்கிரம் இழுக்கும். காயவெச்ச மீட்டர் ரெண்டு நாளில் திரும்ப வேர்ப்பது இதனாலதான்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஒயருக்கு நம்பர் ஒட்டி, போட்டோ எடுத்துட்டு பேனலை வெளியே எடுங்க. பின்பக்க கப்ளர் (ஒயர் சொருகும் இணைப்பு), டெர்மினல், எர்த் பார் (நெகட்டிவ் ஒயர்கள் சேரும் பட்டை) எல்லாத்தையும் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பழைய டூத்பிரஷால் தேய்ச்சு, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுக் கழுவுங்க. பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கண்ணாடி வெளுத்து மயிர்க்கீறல் விழும். காயவைக்க 50 டிகிரி சூடு தாராளம். நிழலில் ஃபேன் காற்றில் ஒரு நாள் கிடந்தாலும் போதும்.

முட்டம்:
கண்ணாடியில் மட்டும் பனி, முள்ளு ஒழுங்காக நிற்குது, எஞ்சின் சூடானதும் பனி போயிடுது. இதையும் பிரிக்கணுமா அண்ணே?

குளச்சல்:
தொடாதீங்க. மீட்டர் வளையம் மடிச்சு அமுக்கினது, ஒருக்கா நெம்பினா பழையபடி உட்காராது. உள்ளே துரு ஓடி முள்ளு ஒட்டினா மட்டும் பிரிங்க. டயலைத் துடைக்காதீங்க, எழுத்து உதிரும்.

சின்னமுட்டம்:
முள்ளு தப்பாகக் காட்டினதும் புது மீட்டர் வாங்க ஓடுறவங்க நிறைய. பாதிக்குப் பாதி கோளாறு எர்த்தில்தான் இருக்கும். பேனல் லைட்டைப் போட்டுப் பாருங்க. எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் நகர்ந்தா பொது எர்த் பச்சை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். சாவி ஆன், லைட் ஆன் நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனை மீட்டரின் எர்த் போல்ட்டில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தா அந்த வழியை முழுக்கச் சுத்தம் பண்ணணும்.

எர்த் சரின்னா வெப்ப மீட்டரைச் சோதிக்கலாம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். சென்சார் ஒயரைக் கழட்டினா முள்ளு குளிர்ந்த பக்கம் போகணும். அந்த ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டா சூட்டின் உச்சிக்கு ஓடணும். ரெண்டும் நடந்தா மீட்டர் நல்லது, சென்சாரையோ ஒயரையோ பாருங்க. ஆயில் பிரஷர் மீட்டருக்கு இதை அப்படியே போடாதீங்க. சென்சாரின் மின்தடையைப் பொறுத்து இது மாறும்: 10–180 ஓம் வகையில் எர்த் தொட்டா முள்ளு கீழே இறங்கும், 240–33 ஓம் வகையில் மேலே ஏறும்.

தேங்காய்ப்பட்டணம்:
நம்ம பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31, சாரல் நிற்காத நேரம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, முக்கால்வாசி வெயில். ஓடுற போட்டில் எஞ்சின் சூடு பேனலைக் காயவைக்கும். கட்டிப்போட்ட போட்டில்தான் அரிப்பு கூடும். போட்டைக் கட்டும் முன்னே பேனலைக் கழுவிக் காயவெச்சு, டெர்மினலில் டை எலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் பூசுங்க. கிடைக்காட்டா வாசலினும் ஆகும். போல்ட்டை முறுக்கின பிறகு மேலே பூசணும். பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டாதீங்க, உள்ளேயே வேர்க்கும்.

பேனல் ஓரத்துக்கு சிலிக்கான் வைக்கிறவங்க மணத்தைப் பாருங்க. வினிகர் நாத்தம் அடிச்சா அசிட்டிக் வகை, செம்பை அரிச்சுடும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்க. மாத்தும் ஒயர் ஈயம் பூசின செம்பாக இருக்கட்டும். லக்குக்கு (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்க. இன்சுலேஷன் டேப்பு உப்புத்தண்ணியைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். பேனலுக்குள் நுழையும் முன் ஒயர் கீழே தொங்கி மேலே ஏறணும், அப்பத்தான் வழிஞ்சு வர்ற தண்ணி அங்கேயே சொட்டும்.

சின்னமுட்டம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. சார்ஜிங் லைட் பல்பு ஃபியூஸ் ஆனா பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர்கள் பல சார்ஜ் எடுக்கவே தொடங்காது, அந்த பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் போகுது. அதுக்குப் பதிலா எல்இடி போட்டாலும் இதே தொல்லை வரலாம். பழைய வாட்டிலேயே பல்பு போடுங்க. பேனலை மாட்டினதும் சாவி ஆன் பண்ணி, எஞ்சின் எடுக்கும் முன்னே ஆயில் பிரஷர் எச்சரிக்கை பஸ்ஸர் அலறுதான்னு கேளுங்க. அலறாட்டா கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.